மாமியின் தீர்த்தப் போத்தல்

எங்கள் மாமியின் கலியாணத் திகதியைப் பங்குச் சுவாமியார் குறிக்கவில்லை. பெரியவர்கள் கூடியிருந்து குறிக்கவும் இல்லை. அந்தப் பொறுப்பை ஒரு பழைய கார் எடுத்துக்கொண்டு ஒன்றரை வருடம் இழுத்தடித்தது. அது தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. காரின் வயது ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

மாமி என்றால் அப்பாவின் ஒரே தங்கை. தாயும் தகப்பனும் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டதால் அவரை வளர்த்துப் படிப்பித்து ஆளாக்கியது அப்பாதான். இதை அப்பா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததால்தான் மாமிக்கு அது கூடப் பாரமாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்பா எதைக் கேட்டாலும் மாமியின் மறுமொழி "ஓம் அண்ணா" என்பதுதான். காலையில் குடையை எடுத்துக்கொண்டு கடற்கரை வீதியால் நடந்து, கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கப் போவார். பின்னேரம் அதே வீதியால், போனதைவிட மெதுவாக நடந்து வருவார். வீட்டில் அவருக்கென்று ஒரு சின்ன அலுமாரி இருந்தது. அதன் திறப்பு எப்போதும் அவருடைய இடுப்பில் செருகியிருக்கும். அதற்குள் என்ன இருந்தது என்று அம்மாவுக்கே தெரியாது.

கார் வந்த கதை வேறு. இங்கிலீஷ்காரரின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஓர் அதிகாரி அதைக் கைவிட்டுப் போனார். அது இரண்டு மூன்று கை மாறிக் கிண்ணியா முதலாளி ஒருவரிடம் போய்ச் சேர்ந்து, அங்கே ஒருநாள் நின்றுவிட்டது. நின்ற இடம் புளியமரத்தடி. அதன் பிறகு முதலாளி வீட்டுக் கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. அப்பா துறைமுகத்தில் இயந்திரம் திருத்துகிறவர். முதலாளியின் மோட்டார் வள்ளத்தை அவர் ஓடவைத்துக் கொடுத்ததற்கு நன்றியாக, முதலாளி அந்தக் காரை லொறியில் ஏற்றி அனுப்பிவைத்தார். பின் ஆசனத்தில் ஓர் அடைக்கோழியும் வந்து சேர்ந்தது. கோழியை மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டோம்.

கார் முற்றத்துக்கு வந்து இரண்டு கிழமை ஆகவில்லை, மாமியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை புல்மோட்டையில், மணல் தோண்டுகிற இடத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். அவர் அதிகம் பேசவில்லை. பேசுகிற வேலையை அவருடைய தாயார் பார்த்துக்கொண்டார். கதிரையில் இருந்து கோப்பியைக் குடித்துக்கொண்டே, புல்மோட்டைக்கு ஒழுங்கான பஸ் இல்லை, வழியில் ஆறுகள் வேறு, போக்குவரத்துக்கு மகன் படும் பாடு பெரும்பாடு என்று சொல்லிவிட்டு, முற்றத்துப் பக்கம் பார்த்து, "அது ஓடுமோ?" என்று கேட்டார். அப்பாவுக்கு இயந்திர விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. "ஓடும். தங்கச்சி கோயிலுக்குப் போறதும் அதிலதான், உங்கட வீட்டை வாறதும் அதிலதான்" என்று சொல்லிவிட்டார். அறைக்குள் நின்ற மாமியிடம் பிறகு, "என்ன, சரிதானே?" என்று கேட்டார். "ஓம் அண்ணா" என்றார் மாமி. காருக்கு மூன்று மாதம் போதும் என்று அப்பா கணித்தார்.

மாமி அந்த மாப்பிள்ளையை வெறுத்தார் என்று சொல்ல முடியாது. வெறுப்பதற்கும் ஒருவரைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அவருக்குப் போக விருப்பமில்லை, அவ்வளவுதான். புல்மோட்டையில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம் இல்லை, இரண்டாம் வகுப்பும் இல்லை. கலியாணம் முடித்த மருமகள் வேலைக்குப் போவது தங்கள் வழக்கத்தில் இல்லை என்று மாப்பிள்ளையின் தாயார் அன்றைக்கே சொல்லிவிட்டுத்தான் போனார்.

இயந்திரம் அப்பாவுக்கு அடங்கியது. ஒரே மாதத்தில் உறுமத் தொடங்கியது. அடங்காதது அதன் வெளித்தகரம். எங்கள் வீடு ஒல்லாந்தர் குடாவுக்கும் உள்துறைமுகத்துக்கும் நடுவில் இருந்தது. இரண்டு பக்கமும் கடல். காற்று எந்தப் பக்கத்தால் வந்தாலும் உப்போடுதான் வரும். குசினிக் கத்தியைக் கழுவித் துடைக்காமல் வைத்தால் விடியத் துருவேறிக் கறள் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட ஊரில் பழைய பெயின்றைச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் தகரத்தைக் காற்றில் விட்டால் என்ன ஆகும் என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் ஒரு சட்டம் போட்டார். அன்றைக்குப் பூசக்கூடிய அளவை மட்டும்தான் அன்றைக்குச் சுரண்ட வேண்டும். ஒரு கிழமை ஒரு கதவு, இன்னொரு கிழமை சக்கரத்துக்கு மேலே ஒரு மட்காட். சுரண்டித் தேய்த்த இடத்துக்கு அன்றைக்கே பிறைமர் அடித்துவிட வேண்டும். பிறைமர் என்பது கப்பல்களுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு மை. அப்பா விண்ணப்பம் எழுதிக் கேட்டு வாங்கிய தகரப் பேணிகளில் அது இருந்தது. அது காய்ந்தபின் அதன்மேல் கப்பலின் சாம்பல் நிறம். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அப்பா இதை விளக்குவார்.

"பிறைமர் எண்டது பெனியன் மாதிரி. பெனியனோட சந்தைக்குப் போகலாம், பூசைக்குப் போக ஏலாது. மேல சேட் போடவேணும்."

இந்த வேலைக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் நாள். மற்ற நாட்களில் துறைமுகம். ஞாயிற்றுக்கிழமை உடம்பை வருத்தி வேலை செய்வது பாவம் என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். அப்பா மற்ற எந்தப் பாவத்துக்கும் அவ்வளவாகப் பயந்தவர் அல்ல, ஆனால் இந்த ஒன்றை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்ததும் எமரிக் கடதாசியை எடுத்துத் தேய்ப்பார். இரண்டு மணிக்குத் தகரம் வெள்ளிபோல் வந்துவிடும். பெற்றோல் நனைத்த துணியால் துடைப்பார். ஆனால் உடனே பூச முடியாது. வெயிலில் தகரம் கொதிக்கும். சுடுகிற தகரத்தில் பூசினால் மை பிறஷோடு இழுபட்டுத் திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் சாப்பிட்டு ஒரு நித்திரை கொண்டுவிட்டு நாலு மணிக்குத்தான் பூசுவார். அந்த இரண்டு மணித்தியாலமும் வெறும் தகரத்துக்குக் காவல் மாமி. வேப்பமரத்து நிழலில் கதிரையைப் போட்டு, இரண்டாம் வகுப்புக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு, கோழியையும் மானையும் விரட்டுவது அவருடைய வேலை. எங்கள் ஊரில் மான்கள் கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்து மாடுகள்போலத் தெருவில் திரியும். வேலியில் ஓட்டை கண்டால் உள்ளே வந்து வாழைக்குட்டியைக் கடித்துவிட்டுப் போகும்.

முதல் கதவு பழுதில்லாமல் முடிந்தது. இரண்டாவது கதவில் அப்பா நாலு மணிக்கு எழும்பி வந்து பார்த்தபோது தகரத்தில் செம்மஞ்சளாகக் கறள் பூத்திருந்தது. திருப்பித் தேய்த்தால் பொழுதுபட்டுவிடும். பொழுதுபட்டால் பனி இறங்கும். பனி ஈரத்தின்மேல் பூசுவது கறளை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம் என்று சொல்லி, அப்பா அந்தக் கதவுக்குக் கிறீஸைப் பூசி மூடினார். அடுத்த சனி கிறீஸைக் கழுவ ஒரு மணித்தியாலம், மறுபடி தேய்க்க இரண்டு மணித்தியாலம். அன்றைக்கும் கறள்.

அப்பா வாடைக்காற்றைக் குற்றம் சொன்னார். பிறகு பெற்றோலைக் குற்றம் சொன்னார். பிறகு என்னைச் சொன்னார். தகரத்தில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கறள் அடையாளத்தை எனக்கே காட்டி, "இது ஆரின்ர கை?" என்று கேட்டார். என்னுடையதுதான். தகரம் அவ்வளவு வெள்ளையாக மினுங்கும்போது தொடாமல் இருப்பது எப்படி? கை வேர்வையில் உப்பு இருக்கிறது, அந்த உப்பு இரும்பைத் தின்னும் என்று விளங்கப்படுத்திவிட்டு, காரைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். நான் அதைத் தாண்டக் கூடாது. கறளுக்குக் காரணம் நான்தான் என்று அம்மா அயலில் சொல்லி, அது பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டது. மாமியின் கலியாணத்தைக் குழப்புகிற பிள்ளை என்று என்னைப் பகிடி பண்ணினார்கள். அது பகிடியாக எனக்குப் படவில்லை. நான் கோட்டுக்கு வெளியே நின்று ஒன்றரை வருடம் அப்பா செய்வதையெல்லாம் ஒன்றும் விடாமல் பார்த்தேன்.

அப்படி நின்ற ஒரு சனிக்கிழமைதான் மாமியின் போத்தலைக் கண்டேன். அப்பாவின் குறட்டை யன்னலால் கேட்டுக்கொண்டிருந்தது. மாமி கொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, சீலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, தேய்த்த மட்காட்டில் மேலும் கீழுமாகத் தெளித்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"தீர்த்தம்" என்றார். "கார் நல்லபடியா ஓடவேணுமெண்டு தெளிக்கிறன். ஒருதருக்கும் சொல்லாத. சொன்னால் பலிக்காது."

நான் சொல்லவில்லை. கையை நீட்டினேன், எனக்கும் ஒரு துளி தந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. தீர்த்தம் மந்திரிக்கும்போது சுவாமியார் அதில் உப்புப் போடுவார் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தேன். வேலி ஓட்டையால் வந்த ஒரு மான் அந்த மட்காட்டை ஆசையோடு நக்கியபோது, மந்திரித்த பொருளின் மகிமை மிருகத்துக்கும் தெரிகிறது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நித்திரையால் எழும்பி வந்த அப்பாவும் அதைக் கண்டார். கறளுக்குக் காரணம் மானின் எச்சில் என்று முடிவு கட்டி அடுத்த கிழமை முள்ளுக்கம்பி வாங்கி வந்தார். எனக்கு ஒரு குற்றம் குறைந்தது.

ஐந்து வருடம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர் நாலு கண்ணாடிக் குழாய்களில் ஆணி போட்டு வைத்தார். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் எண்ணெய், ஒன்றில் வெறும் காற்று, ஒன்றில் கடல் தண்ணீர். கடல் தண்ணீரில் கிடந்த ஆணிக்கு என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி தினமும் நடந்து வந்த கடற்கரை வீதியும் அந்தச் சின்னப் போத்தலும் அப்போதுதான் எனக்கு ஒன்றாக வந்து நின்றன.

ஆனால் ஒன்பது வயதில், பத்து வயதில், எனக்கு அது தீர்த்தம்தான். மாமியால் எல்லாச் சனியும் தெளிக்க முடியவில்லை. சில கிழமை அம்மா பக்கத்தில் இருந்து பயற்றங்காய் உடைப்பார். சில கிழமை அப்பா நித்திரை கொள்ளமாட்டார். அப்படித் தப்பிய சனிக்கிழமைகளில் கார் ஒவ்வொரு துண்டாகச் சிவந்து, பிறகு சாம்பலாகியது. மாரியில் இரண்டு மூன்று மாதம் வேலை நின்றது. வீதியால் போகிறவர்கள், "கப்பல் எப்ப கடலில இறங்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது மாரியும் முடிந்தபோது மிச்சம் இருந்தது பொனற் மட்டும்தான், இயந்திரத்தை மூடுகிற முன் மூடி. அந்த நேரம் புல்மோட்டையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். தவக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கலியாணம் வைக்க முடியாது. அதற்கு முதல் முடியாவிட்டால் தாங்கள் காத்திருக்கப் போவதில்லை, மன்னாரில் வேறொரு இடம் பேசி வந்திருக்கிறது என்று. அம்மா குசினிக்குள் அழுதார். இதுவும் குழம்பினால் இனி ஆர் வரப்போகினம் என்று கேட்டார். நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அவர் துருவுவதை நிறுத்தவில்லை.

தவக்காலத்துக்கு முன்பு இரண்டு சனிக்கிழமைகள்தான் இருந்தன. முதல் சனி பிறைமர், அடுத்த சனி மேல் பூச்சு, அதற்கடுத்த திங்கள் கலியாணம். ஒரு சனி பிழைத்தால் எல்லாம் போச்சு.

அந்த முதல் சனிக்கிழமை அப்பா பொனற்றைத் தேய்த்து முடித்து, பெற்றோலால் துடைத்துவிட்டு, சாப்பிடாமல் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் ஒரு கப்பலில் அவசர வேலை என்றார். ஆள் வந்து கூப்பிட்டதை நான் காணவில்லை. அம்மா தையல்காரி வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா மைப் பேணியையும் பிறஷையும் மாமியின் கதிரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"நான் வரச் சுணங்கும். நாலு மணிக்கு நீயே பூசிவிடு. நீ பூசினால் கலியாணம். பூசாட்டி..." என்று நிறுத்தி, பேணியின் மூடியை ஒருதரம் திறந்து பார்த்து மூடினார். "பூசாட்டிப் பரவாயில்லை. நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

மாமி "ஓம் அண்ணா" என்றார். அப்பா சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மாமி அன்றைக்குக் கொப்பி திருத்தவில்லை. பொனற்றைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். மூன்றரை மணிபோல போத்தலை எடுத்துப் பார்த்தார், வெறுமையாக இருந்தது. பூசாமல் விடுவது மட்டும் அவருக்குப் போதாது. அப்பா ஐந்து மணிக்கு வந்தாலும் எடுத்துப் பூசிவிடலாம். அவர் குடையை எடுத்துக்கொண்டு, "ஒருக்காக் கோயிலடிக்குப் போட்டு வாறன். கோட்டைத் தாண்டாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவர் மணிக்கூடு நாலு அடித்தது. மாமி வரவில்லை. வேப்பமரத்து நிழல் பொனற்றுக்கு மேலே வந்தது. வேலிக்கு வெளியே இரண்டு மான்கள் வந்து நின்று உள்ளே பார்த்தன. மாமி தீர்த்தம் எடுக்கப் போன இடத்தில் சுணங்கிவிட்டார், இனி அவர் வருவதற்குள் கறள் பிடித்துவிடும், கலியாணம் குழம்பிவிடும், அம்மா மறுபடி அழுவார், என்னைத்தான் சொல்லுவார்கள். நான் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினேன்.

செய்ய வேண்டியதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. மைப் பேணியின் அடியில் தடித்துக் கிடந்ததைத் தடியால் கிளறிக் கலக்கினேன். உலர்ந்த துணியால் தூசியைத் தட்டினேன். தகரத்தில் கை படாமல் பார்த்துக்கொண்டேன். பிறஷை அரைவாசிக்கு மேல் தோய்க்கக் கூடாது, பேணியின் விளிம்பில் வழித்துவிட வேண்டும், முதலில் குறுக்கே, பிறகு நீளமாக. நடுவுக்கு எட்டுவதற்காக மாமியின் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். வெள்ளி நிறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்புக்குள் போவதைப் பார்க்க எனக்கு வந்த சந்தோஷம் அதன் பிறகு எந்த வேலையிலும் வந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தபோது நான் கதிரையில் நின்றுகொண்டிருந்தேன். ஆர் பூசியது என்று அவர் கேட்கவில்லை. பிறஷ் என் கையில் இருந்தது. குடையை விரித்தபடியே பொனற்றின் முன்னால் வந்து நின்றார். மற்றக் கையில் போத்தல், கழுத்து வரைக்கும் நிரம்பியிருந்தது. ஈரப் பூச்சின்மேல் அதை ஒருதரம் வீசியிருந்தால் போதும், என் வேலை எல்லாம் கழன்று வந்திருக்கும். அவர் வீசவில்லை. ஏன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததால் இருக்கலாம்.

"முன் விளிம்பை விட்டிட்டாய்" என்றார். குடையை மடக்கிக் கீழே வைத்தார். என்னிடமிருந்து பிறஷை வாங்கி, குனிந்து, மூக்குப்போல் மடிந்திருந்த விளிம்பின் அடிப்பக்கம் வரைக்கும் விரலால் தடவிப் பார்த்துப் பார்த்துப் பூசினார். "விளிம்பாலதான் கறள் துவங்கும்."

பிறகு போத்தலைக் கிணற்றடி வாய்க்காலுக்குள் கவிழ்த்தார். தீர்த்தத்தைக் கால்படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது என்று நான் சொன்னேன். "இதை ஊத்தலாம்" என்றார். அப்போது சைக்கிள் சத்தம் கேட்டது. மாமி திரும்பி, "கையைப் பின்னால வை" என்று எனக்குச் சொன்னார். வைத்தேன்.

அப்பா சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து பொனற்றைப் பார்த்தார். மாமியின் விரல்களில் இருந்த சிவப்பையும் பார்த்தார்.

"ஆர் பூசினது?"

நான் வாய் திறப்பதற்குள் மாமி, "நான்தான் அண்ணா" என்றார்.

"நீயேதானே?"

"ஓம் அண்ணா."

அப்பா தலையை ஆட்டினார். வாசற்படியில் போய் இருந்து, சேட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சரி" என்றார். அதை இரண்டு தரம் சொன்னார்.

நான் திகைத்துப் போனேன். மாமி பொய் சொல்லுவார் என்று நான் நினைத்ததே இல்லை. கோட்டைத் தாண்டியதற்கு எனக்கு அடி விழும் என்று பயந்துதான் அப்படிச் சொன்னார் என்பதுகூட எனக்குப் படவில்லை. ஒன்றரை வருடக் குற்றத்தை ஒரு பின்னேரத்தில் கழுவிவிட்டேன், அந்தப் பேரை மாமி எடுத்துக்கொண்டுவிட்டார் என்பதே என் கவலை. அன்றையிலிருந்து அவரோடு நான் கதைக்கவில்லை.

பதினைந்து வருடம் கழித்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. அப்பா ஓய்வு பெற்றிருந்தார். ஒரு பின்னேரம் முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றும் கேட்காமலே அவராகச் சொல்லத் தொடங்கினார்.

"உன்ர மாமியின்ர விஷயத்தில அண்டைக்குத் துறைமுகத்தில எனக்கு வேலை ஒண்டும் இருக்கேல்லை. ஜெற்றியடியில சும்மா குந்தியிருந்தனான். அவளுக்கு விருப்பமில்லையோ எண்டு எனக்கு ஒரு ஐமிச்சம். மான் நக்கி அவ்வளவு கறள் பிடிக்காது. வாயால கேட்டால் ஓம் எண்டுதான் சொல்லுவாள். அதுதான் பிறஷைக் குடுத்திட்டுப் போனனான். அவளாப் பூசினாள். பிறகு நான் யோசிக்கேல்லை. உனக்குக் குடுக்க என்னட்ட ஒரு காரும் இல்லை. அதால நீ வாயாலயே சொல்லு."

என் மறுமொழிக்காக அப்பா காத்திருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. அவர் இருக்கும் வரைக்கும் சொல்லவில்லை. மாமி கெட்டுப்போய்விடவில்லை. களஞ்சியப் பொறுப்பாளர் நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். இரண்டு பிள்ளைகள் பிறந்து நன்றாகப் படித்தார்கள். உப்புக்காற்றில் கார் ஆறேழு வருடத்தில் கதவு கதவாக உதிர்ந்தது. பொனற் மட்டும் கடைசி வரைக்கும் கறள் பிடிக்கவில்லை என்று மாமா எப்போது வந்தாலும் அப்பாவைப் புகழ்வார். அந்த நேரம் மாமி குசினிக்குள் ஏதாவது வேலையாக இருப்பார். மறுபடி அவர் ஒரு வகுப்புக்கும் படிப்பிக்கவில்லை.

கலியாணத்தன்று சாம்பல் நிறக் கார் கோயில் வாசலில் நின்றது. அப்பா அதன் கண்ணாடியில் மல்லிகைச் சரம் கட்டியிருந்தார். மாமியின் அலுமாரியைத் தனியாக லொறியில் ஏற்றியிருந்தார்கள், அதன் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. திறப்பு எங்கே என்று ஒருவரும் தேடவில்லை. எல்லோரும் மாமியைக் கொஞ்சி வழியனுப்பினார்கள். நான் கோபத்தில் ஒதுங்கி நின்றேன். மாமி கார் யன்னலால் கையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். ஒன்பது நாள் கதைக்காமல் இருந்தவளுக்கு என்ன கதைப்பது என்று தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயத்தைக் காதுக்குள் கேட்டேன்.

"மாமி, தீர்த்தம் பலிச்சுதா?"

மாமி என் கையைப் பிடித்து, நகத்துக்குள் இன்னும் போகாமல் கிடந்த சிவப்பைப் பார்த்தார்.

"பலிக்கேல்லைப் பிள்ளை" என்றார்.

அப்பா காருக்கு முன்னால் போய்க் கைபிடிக் கம்பியைச் செருகிச் சுழற்றினார். ஒரே சுழற்றில் கார் பிடித்துக்கொண்டது. சனம் கைதட்டியது. ஒரு பொட்டுக் கறள் இல்லாமல், ஒரு இருமல் இல்லாமல், அது வளைவைத் தாண்டி நிலாவெளிப் பக்கம் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு நன்றாக ஓடுகிற காருக்குள் இருந்துகொண்டு மாமி ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. கார் ஓடுவதை அவர் இன்னும் கவனிக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.